உத்திரத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள்

"வருசம் பூரா எங்க கெடந்தாலும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா முன்னால போய் நின்னுரணும்" என்று சொல்லியிருந்தான் தளவாய். போன வருடம், அலுவலகக் கேன்டீனில்.

"லீவு தரலேன்னா?"

"வேலைய விட்டுட்டுப் போவோம். வந்து வேற பாத்துக்கிடலாம்."

"யாரெல்லாம் போவேள்?"

"குடும்பத்து ஆளுக மட்டுந்தான்."

நானும் வரட்டுமா என்று தொண்டை வரை வந்ததைக் கௌசல்யா காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். ஸ்ரீவராகத்து அக்ரஹாரப் பெண், கட்டடத்துக்கு வயரிங் செய்ய வந்த திருநெல்வேலிக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? அதற்குப் பிறகு எத்தனையோ மாலைகள் சேர்ந்து நடந்தும் கேட்கவில்லை.

இன்று அவன் பெயர் அவள் கணினித் திரையில் இருந்த பட்டியலில் முதலாவதாக நின்றது.

நகரத்துக் கோயில் திருவிழாக் கூட்டத்தில் யார் நகை பறிக்கக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள் அது. காவல்துறைக்குச் சோதனை முயற்சி. மூன்று வருடத் திருட்டுப் புகார்களையும் ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்பவர்களின் வருகைப் பதிவையும் சேர்த்துப் பார்த்தது. நகை போன கையோடு ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு அதிக மதிப்பெண். அந்த விதியை எழுதியவள் கௌசல்யாதான்.

"தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல லிஸ்டுல உள்ள பயலுவள ஓரமா நிறுத்தியாச்சு" என்றார் பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் சத்தியதாஸ், தமிழ் பேசும் எல்லையோரப் பாறசாலைக்காரர். "நீங்க உறுதியாச் சொன்னா வேன்ல ஏத்திருவோம். விழா முடியட்டும், விட்டுரலாம்."

"இவா ஓடலை சார். சாமி கும்பிடப் போறா."

"எல்லா பயலும் அப்படித்தான் சொல்லுவான்."

மேலாளர் லிபின் அவள் நாற்காலிப் பக்கம் குனிந்தார். தளவாயை அவருக்கும் தெரியும். "கௌசல்யா, ஒரு பேரல்லே? எடுத்துடு. யாரும் அறியில்லா."

ஒரு விசையைத் தட்டினால் போதும். அவள் விரல் அதன்மேல் போய் நின்றது. தளவாய் இரவுக்குள் ஊர் சேர்ந்துவிடுவான். மற்றவர்கள் லாக்கப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அவன் பெயர் மட்டும் இல்லாதிருந்தால் இதையெல்லாம் காப்பி குடித்துக்கொண்டே அனுப்பியிருப்போம் என்று தோன்றியதும் அவளுக்கு உடம்பு கூசியது.

விரலை எடுத்துவிட்டாள். அதே ஒப்பந்தக்காரர்களுக்குக் கொல்லத்திலும் வேலை நடந்தது. அந்தப் பதிவைத் திறந்தாள்.

"பாருங்கோ சார். கொல்லத்துல நம்ம திருவிழாவும் இல்லை, நகையும் போகலை. ஆனா வருஷா வருஷம் இதே நாள்ல அங்கேயும் ஆள் இல்லை. எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரா. உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்குப் போறா. நான் எழுதினதுதான் தப்பு."

சத்தியதாஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"எல்லாத்தையும் விட்டுரு... ஆமாடே, எல்லாத்தையும்."

லிபினின் முகம் கறுத்தது. "தீர்ந்நு. போலீஸ் கான்ட்ராக்ட் போச்சு."

"அது இருக்கட்டு" என்றார் சத்தியதாஸ். "உத்திரத்துக்குப் போவாவன்னு உங்களுக்கு யாருமா சொன்னா?"

"தளவாய்."

"மொதப் பேருல்லா அது? அவன் உங்களுக்கு யாரு? நாளைக்கு எங்கிட்ட மேல கேப்பாவ."

தெரியாது என்று சொல்லும்படி லிபின் கண்ணால் கெஞ்சினார். அப்போது மேஜைமேல் அவளுடைய கைபேசி அதிர்ந்தது. அதில் தளவாய் பெயரைப் பார்த்ததும் சத்தியதாஸே ஸ்பீக்கரைப் போட்டார்.

"விட்டுட்டாவ" என்றது தளவாயின் குரல். மூச்சு வாங்கியது. "உங்க ஆபீஸ் லிஸ்டுன்னு போலீஸு பேசிக்கிட்டாவ. அங்க யாராது கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லிருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது. பஸ்ஸு கெளம்பப் போவுது, வச்சிரட்டா?"

"வைக்காதீங்கோ."

இரண்டு ஆண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கௌசல்யா கைபேசியைக் கையில் எடுத்தாள், ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

"அந்த பஸ் போகட்டும். அடுத்த பஸ்ல என்னையும் அழைச்சுண்டு போங்கோ. உங்க சாஸ்தா முன்னாடி நானும் நிக்கணும்."