ஆறு ஃபேனும் ஒரே பக்கம்

வலங்கைமானுக்கு வெளியே இருக்கும் ஹபீப் முகம்மதுவின் ரைஸ் மில்லில், நெல் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் நுஸைபா. தஞ்சாவூரில் மூன்று வருஷம் அதையே படித்தவள். ஆனாலும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது முதலாளி அவளைக் கேட்கவில்லை. துபாயிலிருந்து திரும்பிய மைத்துனன் சலாஹுதீனைக் கேட்டார். துபாயில் அவன் பார்த்தது ஒரு மாலில் வாசல் காவல். அந்த மாலில் கம்ப்யூட்டர் கடையும் இருந்தது என்பதே அவனுடைய தகுதி.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய பெட்டியை வாங்கிவந்தான். கூடவே கலர் கலராக எரியும் ஆறு ஃபேன். ஆறையும் காற்று வெளியே போகிற மாதிரியே மாட்டினான்.

"உள்ள சூடு இருக்கு. அதை வெளிய தள்ளணும். அவ்வளவுதான் மச்சான்," என்றான் முதலாளியிடம்.

"வெளிய தள்ளுறதுக்கு உள்ள காத்து வரணும்ல அண்ணே? எது வழியா வரும்?" என்று கேட்டாள் நுஸைபா.

"தங்கச்சி, இது லைட் எரியிற ஐட்டம். நீ பாத்திருக்க மாட்ட."

நுஸைபா தன் வேலைக்குத் திரும்பினாள். ஆறு விளக்கு எரிந்தால் அறிவும் எரிகிறது என்று நினைப்பவனிடம் என்ன பேசுவது.

மூன்றாவது வாரம் குறுவை நெல் வரத் தொடங்கியது. வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்ற நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டால் பத்து நிமிஷம் ஓடியது. பிறகு மறுபடி அணைந்தது. பெட்டியின் மேல் ஈரத்துணி போடலாமா என்று யோசித்த சலாஹுதீன், கடைசியில் இன்னும் இரண்டு ஃபேன் வாங்கப் பைக்கில் தஞ்சாவூருக்குக் கிளம்பினான். மில்லுக்கு அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

நுஸைபா ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, ஓடும் பெட்டியைச் சுற்றிக் காட்டினாள். திருகாணி ஓட்டை, ஒயர் செருகும் இடுக்கு என்று எல்லாச் சந்துகளிலும் புகை உள்ளே ஓடியது. கரண்ட்டை நிறுத்திப் பெட்டியைத் திறந்தாள். தவிட்டுத் தூசி அடையாக அப்பியிருந்தது. மில்லின் தூசியையெல்லாம் உறிஞ்சிக் குடிக்க ஓர் எந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்.

பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். முன்கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் கொசுவலைத் துண்டை இழுத்து ஒட்டினாள். அதன் பின்னால் மூன்று ஃபேனைக் காற்று உள்ளே வருகிற மாதிரி திருப்பி மாட்டினாள். ஃபேனில் குறுக்குச் சட்டம் இருக்கிற பக்கம்தான் காற்று வெளியேறும். அதைப் பார்க்கத் துபாய் போக வேண்டியதில்லை. பின்பக்கம் ஒன்று மட்டும் வெளியே தள்ளட்டும் என்று விட்டாள். மேலே இருந்த இரண்டையும் கழற்றி மூலையில் போட்டாள். உள்ளே வருவது கூடுதல், வெளியே போவது குறைவு. இப்போது சந்துகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும், தூசி நுழையாது. ஊதுவத்தியை மறுபடி காட்டினாள். புகை விலகிப் போனது. தொண்ணூற்றேழு டிகிரியைத் தொட்ட சூடு அறுபத்தைந்துக்குள் நின்றது. லாரிகள் நகர்ந்தன.

மாலையில் வந்த சலாஹுதீன் ஓடும் கம்ப்யூட்டரைப் பார்த்தான். அவள் காதுபடவே முதலாளியிடம் சொன்னான்: "நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே மாட்டியிருக்கு, மச்சான்."

ஹபீப் முகம்மது கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்படியா. காத்து இப்ப எந்தப் பக்கமா உள்ள வருது?"

சலாஹுதீன் மேல்பக்கத்தைக் காட்டினான். அங்கே ஃபேனே இல்லை.

முதலாளி அவனை நெல் காயும் களத்துக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் அறைச் சாவியை நுஸைபாவிடம் நீட்டினார்.

"இனிமே நீயே பாத்துக்கம்மா. அவன் மாட்டுன அன்னைக்கே இது ஆவாதுன்னு தெரியும். வீட்ல மனஸ்தாபம் வேணாமேன்னு இருந்துட்டேன்."

நுஸைபா சாவியை வாங்கிக்கொண்டாள். சலாஹுதீனாவது தெரியாமல் செய்தான். இந்த மனுஷர் தெரிந்தே மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வழியே கையைக் காட்டி, அடுத்த லாரியை மேடையில் ஏற்றச் சொன்னாள்.