ஐயாயிரத்தில் உட்கார்ந்திருந்தது

16.6.1999, புதன். இன்று ஜாஹிதாவின் புரோகிராம் ஓடாததற்கு நான்தான் காரணம். சாரிடம் சொல்லவில்லை.

அதற்குமேல் எழுத வராமல் திருமலைசாமி பேனாவை மூடினான். பகலில் அவனுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் வேலை. மாலையில் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு; ஜாஹிதாவும் அதே வகுப்புதான். அங்கே எட்டு டெர்மினல்கள், எட்டுக்கும் பின்னால் ஒரே இயந்திரம். அவர்கள் எழுதிப் பழகும் சர்வர் புரோகிராம் ஒவ்வொன்றும் ஒரு போர்ட் எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்ற புரோகிராம்களின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு உட்கார முடியாது. பாலகோபால் சார் கரும்பலகையில் 5000 என்று எழுதியிருந்தார். எட்டுப் பேரும் அதையே எழுதிக்கொண்டார்கள். ஒருவர் ஓட்டி நிறுத்தியபின்தான் அடுத்தவர் ஓட்டுவார்.

செவ்வாயன்று அவன் தன் புரோகிராமை நிறுத்தாமலே பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். மறுநாள் முதல் ஆளாக ஜாஹிதா ஓட்டியபோது, அந்த எண் ஏற்கனவே பயன்பாட்டில் இருப்பதாகத் திரையில் வந்தது. மூன்று முறை முதலிலிருந்து அடித்துப் பார்த்தாள். சார் பின்னால் வந்து நின்றார். திரையில் இருந்ததை அவர் படிக்கவில்லை.

"எங்கியோ தப்பா அடிச்சுபோட்டீங்க அம்மணி. சனிக்கிழமை கம்பெனி டெஸ்டுக்கு நீங்க வேண்டாம். அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வைக்கும் அந்த டெஸ்டுக்கான லிஸ்டில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். அதன்பிறகுதான் அவன் இயந்திரத்தில் என்னென்ன ஓடுகிறது என்று தட்டிப் பார்த்தான். ஐயாயிரத்தில் நேற்றிலிருந்து தன் புரோகிராம். நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தான். சத்தமில்லாமல் நிறுத்தினான்.

வியாழன் மாலை மாடிப்படியில் அவளிடம் சொன்னான். "ஏனுங்க... நேத்து அந்த நம்பர்ல இருந்தது என்னோடதுங்க."

அவள் அவனையே பார்த்தாள். "ராத்திரி பூரா எங்கண்ணுதான் அவிஞ்சுபோச்சோன்னு கெடந்தேனுங்க."

"மன்னிச்சுருங்க."

"மன்னிப்ப வெச்சு நான் என்னங்க பண்றது? லிஸ்டு எங்கிட்டயா இருக்குது?"

உள்ளே போய் டெர்மினலில் உட்கார்ந்தாள். அவன் தயங்கித் தயங்கிக் கையேட்டை நீட்டினான். 5000 இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டால், காலியாக உள்ள ஓர் எண்ணை இயந்திரமே கொடுக்கும். எது கிடைத்தது என்று கேட்டுத் திரையில் காட்டினால் போதும். மாற்றினாள். 1043 வந்தது. அதை நிறுத்தாமலே இன்னொன்றை ஓட்டினாள். 1044.

"இப்ப நீங்க எத்தன புரோகிராம உட்டுட்டுப் போனாலும் எனக்கொண்ணுமில்லீங்க," என்றாள். சிரிப்பு வரப்பார்த்தது, அடக்கிக்கொண்டாள். "ஆனா சொல்ல வேண்டியது எங்கிட்ட இல்லீங்க."

சார் அன்று வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் திருமலைசாமி எழுதினான்:

வெள்ளி: லேத்திலிருந்து நேரே போக வேண்டும். ஆறு மணிக்குக் கம்பெனிக்கு லிஸ்ட் போகுமுன் சாரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். இடமில்லை என்றால், என் பெயரை எடுத்துவிட்டு ஜாஹிதாவின் பெயரைப் போடச் சொல்ல வேண்டும்.