அஞ்சே நிமிஷம் இருங்கப்பா

பத்து டாலருக்காக நான் பேசிய பேரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தைவானின் தைனான் நகரில் பட்டனும் லேஸும் விற்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்துவிட்டு நடந்தால் சட்டை போடாமல் தெருவில் போவது போலிருக்கும் எனக்கு.

அன்று அப்பாவை வண்டியின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டிருந்தேன். அப்பா என்றால் அவருடைய அஸ்திக் கலயம். பச்சைப் பளிங்கு, மஞ்சள் துணியில் சுற்றியது. போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாக ஊருக்குள் ஒரு கோயிலின் கீழ்த்தட்டில் இருந்தார். குன்றின் மேலிருக்கும் அஸ்தி மண்டபத்தில், அம்மாவுக்குப் பக்கத்திலேயே இப்போதுதான் ஒரு மாடம் கிடைத்தது. மூன்று மணிக்குள் உள்ளே வைத்துக் கதவை மூடிவிட வேண்டும் என்று நாள் பார்த்தவர் சொல்லியிருந்தார். பெக்யுன் அக்கா காலையிலேயே பூவோடும் பழத்தோடும் மேலே போய்விட்டாள்.

வழி நெடுக அவருக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "அப்பா, இடது பக்கம் திரும்புறோம். அப்பா, பாலம் வருது, கூடவே வாங்க." சொல்லாமல் விட்டால் கலயம் மட்டும் போய்ச் சேரும். ஆள் பின்தங்கிவிடுவார்.

மேற்குச் சந்தைத் தெருவில் பால்கெண்டை மீன் கஞ்சியின் வாசனை வந்தது. நாற்பது வருஷம் அவர் கடை திறக்குமுன் குடித்த கஞ்சி. படையலுக்கு ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஓரங்கட்டினேன். விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு கட்டியிருந்தது. சாமி ஊர்வலம் வருவதால் இன்று பன்னிரண்டு மணியிலிருந்து இந்தத் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

"அப்பா, இங்கேயே இருங்க. எங்கேயும் போயிடாதீங்க. அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கஞ்சிக்காரி எழுபது டாலர் என்றாள்.

"போன மாசம் அறுபதுதானேக்கா."

"போன மாசம் மீனுக்கு வயிறு சின்னதா இருந்துச்சு."

"எங்கப்பா நாப்பது வருஷ வாடிக்கை."

"அப்போ அவரை வரச் சொல்லு. அம்பதுக்கே தர்றேன்."

"வண்டியில உக்காந்திருக்காரு. இறங்க முடியாது."

"வாய் பேசுவாருல்ல? சன்னல் வழியா சொல்லச் சொல்லு."

அறுபத்தைந்துக்கு முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மணி பன்னிரண்டு நாலு.

வண்டி நின்ற இடத்தில் வண்டி இல்லை. தார் ரோட்டில் வெள்ளைச் சாக்கட்டியால் என் வண்டி எண்ணும் ஒரு போன் நம்பரும் எழுதியிருந்தன. கையில் கஞ்சிப் பையோடு அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இழுத்துப் போகிற வண்டிகளை வைக்கும் கொட்டடி, கால்வாய்க்கு அந்தப்பக்கம். டாக்சியில் போய்ச் சேர்ந்தேன். கம்பிச் சன்னலுக்குப் பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, முலாம்பழ விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியின் ஆவணத்தைப் பார்த்தார். என் அட்டையைப் பார்த்தார்.

"வண்டி உன் பேருல இல்லையே, தம்பி."

"அப்பா பேருல இருக்கு, மேடம்."

"அப்போ ஓனர் வரணும். இல்லேன்னா கையெழுத்துப் போட்ட கடுதாசி வேணும்."

"ஓனர் ஏற்கெனவே வந்துட்டாரு. எனக்கு முன்னாடியே."

"எங்கே?"

"முன்சீட்டுல. பெல்ட் போட்டிருக்காரு."

எழுந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் என் வண்டி. கண்ணாடிக்குள் மஞ்சள் துணி. விதைத் தோல் அவர் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"வெயில்லயா வச்சிருக்காங்க அவரை?" குரல் இறங்கிவிட்டது. "இழுத்துட்டு வந்தவன் சொன்னான், பாலத்துல தானா ரெண்டு தடவை பிரேக் புடிச்சுதுன்னு. குடிச்சிருக்கியாடான்னு திட்டினேன்." அபராதத்தை வாங்கிக்கொண்டு, கடுதாசியைப் பற்றி வாயே திறக்காமல் வண்டியை எடுக்கும் சீட்டைத் தள்ளினார். கூடவே தன் கறுப்புக் குடையையும். "இறக்கினா இதைப் பிடி. திருப்பித் தர வேணாம். தயவுபண்ணித் தந்துடாதே."

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. அதுவே எனக்குக் கிலியாக இருந்தது.

"இறங்கும்போது அப்பாகிட்ட என்ன சொன்னே?"

"இங்கேயே இருங்க, எங்கேயும் போயிடாதீங்கன்னேன்."

"செங், காசு வச்சிருக்கியா? ரெண்டு எடு. போட்டு அப்பாகிட்டயே கேளு."

பத்து டாலர் காசு இரண்டை எடுத்து, "அப்பா, வண்டியில இருக்கீங்களா?" என்று கேட்டுப் பக்கத்துச் சீட்டில் போட்டேன். ஒன்று தலை, ஒன்று எண் என்று விழுந்தால் ஆமாம்; இரண்டும் எண்ணாக விழுந்தால் இல்லை. விழுந்தவை இரண்டும் எண். மறுபடி போட்டேன். மறுபடியும் இரண்டும் எண்.

"சொன்ன பேச்சு தட்டாத மனுஷன்டா அவரு" என்றாள் அக்கா. "நீ நிறுத்தின இடத்துலயே நிக்கிறாரு. ஊர்வலம் அந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு."

அந்த ஊர்வலத்தின் முன்னால் முகத்தில் சாயம் பூசிச் சாமியின் சேனாபதிகளாக வேஷம் கட்டியவர்கள் வருவார்கள், கையில் விலங்கும் சாட்டையுமாக. தெருவில் திக்கற்று நிற்கிற ஆவிகளைப் பிடித்துக் கட்டி இழுத்துப் போவதுதான் அவர்கள் வேலை. அந்த இழுவைக்கு அபராதம் கட்டி மீட்க இடமே கிடையாது.

மணி ஒன்று இருபது. பாலத்தில் பழக்கத்தில், "அப்பா, பாலம்" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். கலயத்தில் யாரும் இல்லை. காலி வீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

தெருவை அடைத்திருந்தார்கள். இரண்டு சந்து தள்ளிக் கட்டண இடத்தில் வண்டியை விட்டேன். இடக்கையில் கலயம், வலக்கையில் குடை, விரலில் தொங்கும் கஞ்சிப் பை, சட்டைப் பையில் ஸ்பீக்கரில் அக்கா. இரண்டு பக்கமும் கூட்டம். தூரத்தில் முரசு. கூட்டத்தின் கால்களில் தேய்ந்து என் வண்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம்தான் மிச்சமிருந்தது. அதன் பக்கத்தில் மண்டியிட்டுக் குடையை விரித்துச் சாய்த்து வைத்தேன். கஞ்சியையும் வைத்தேன்.

"அப்பா, வந்துட்டேன். வாங்க போகலாம்." காசைப் போட்டேன். இரண்டும் தலை.

"என்ன விழுந்துச்சு?" என்றது சட்டைப் பை.

"ரெண்டும் தலை."

"சிரிக்கிறாரு. சும்மா இருப்பாரா பின்னே? மறுபடி கேளு."

"அப்பா, இனிமே மாசாமாசம் ரெண்டு கிண்ணம் கஞ்சி வைக்கிறேன்."

"அவர்கிட்டயேவா பேரம் பேசறே, நாயே?"

இரண்டும் எண். சரவெடி தெருமுனைக்கு வந்துவிட்டது. புகைக்குள் நீல முகமும் சிவப்பு முகமும் ஆடி ஆடி வந்தன. ஓரம் போகச் சொல்லி யாரோ ஊதல் ஊதினார்கள். அக்கா ஏதோ கேட்டாள். வெடிச்சத்தத்தில் காதில் விழவில்லை.

"அப்பா, அஞ்சு டாலர் குறைக்கறதுக்காக உங்களை நடுத்தெருவுல நிக்க வச்சுட்டேன். அவங்க வர்றாங்க. ஏறிடுங்கப்பா."

மூன்றாம் முறை போட்டேன். ஒரு காசு முழங்காலருகே விழுந்தது. எண். இன்னொன்று உருண்டோடியது. அதன்மேல் ஒரு வைக்கோல் செருப்பு வந்து நின்றது.

பச்சை முகம். கையில் விலங்கு. சாயம் பூசிவிட்டால் அவர்கள் பேச மாட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால், சற்றுக் கூனலான ஓர் ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. விலங்கை ஒருமுறை குலுக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, பாதத்தைத் தேய்த்தபடி ஒரு பக்கமாக விலகி ஆட்டத்தைத் தொடர்ந்தார். செருப்பு இருந்த இடத்தில் காசு. தலை.

"விழுந்துச்சா? டேய், விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றேன்.

இரண்டு ஐம்பதுக்கு மாடத்தின் கதவை மூடினோம். அக்கா அழுதாள், நல்லபடியாகச் சேர்ந்துவிட்டார் என்று. செருப்பைப் பற்றி அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. காசு தானாகத்தான் தலையாக விழுந்ததா, அந்தக் கால் புரட்டியதா? கால் புரட்டிய காசு செல்லுமா? யாரிடம் போய்க் கேட்பது?

இப்போதும் அந்தத் தெருவைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கி முன்சீட்டுப் பக்கத்துக் கதவைக் கொஞ்சம் திறக்கிறேன். "இருந்தா ஏறுங்கப்பா" என்கிறேன். கஞ்சி வாங்கினால் அவள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஓடி வருகிறேன். அங்கே நின்று பேச பயமாக இருக்கிறது.