சீனிக்கு இரண்டாவது தவக்காலம்

செம்மண்டலத்தில் பஸ் ஏறியதிலிருந்து லூர்துநாதன் மடியிலிருந்த கூடையைத் திறக்கவேயில்லை. உள்ளே அவர்கள் வீட்டுப் பூனை சீனி. கழுத்தெல்லாம் பொருக்கு. காதோரம் முடி கொட்டி, சொறிந்து சொறிந்து ரத்தம்.

"சிதம்பரத்துல என் தங்கச்சி வீட்டுல பூனைய விட்டுட்டு வந்து நிம்மதியா தூங்கிடுவீங்களாக்கும்?" என்றாள் மனைவி ரோசி.

"என்னாலதானே அதுக்கு இப்படி? குடிகாடு கம்பெனியில கெமிக்கல் வேலை. சட்டையில என்னென்ன ஒட்டிக்கிட்டு வருதோ!"

மூன்று வாரமாக அவர் பூனையைத் தொடவில்லை. காலைச் சுற்றி வந்தால், "கிட்ட வராதடா ராசா" என்று கெஞ்சுவார்.

சிதம்பரத்தில் இறங்கியதும் ரோசி ஆட்டோக்காரரிடம் தங்கை வீட்டைச் சொல்லவில்லை. மாட்டு டாக்டர் வெண்மதியின் கிளினிக்கைச் சொன்னாள்.

டாக்டர் சீனியைச் சீப்பால் வாரிப் பார்த்தார்.

"தெள்ளு இல்ல. படையும் இல்ல. அலர்ஜி மாதிரி தெரியுது. எப்பலேர்ந்து?"

"தீபாவளியிலேர்ந்து. நடுவுல நல்லாயி முடிகூட மொளைச்சுது டாக்டர். ஈஸ்டர் முடிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. தன் வேலைச் சட்டையில ஒட்டிக்கிட்டு வர்ற கெமிக்கல்தான் காரணம்னு இவரு அதைத் தொடுறதே இல்ல," என்றாள் ரோசி.

டாக்டரின் பேனா நின்றது.

"நல்லா இருந்தப்ப சார் லீவுல இருந்தாரா?"

"ஒரு ஷிப்டுகூட விடல," என்றார் லூர்துநாதன்.

"அதே சட்டை?"

"அதே சட்டை. வந்ததும் மடியில ஏறிப் படுத்துக்குவான்."

"அப்ப சட்டை மேல குத்தமில்ல. வேற என்ன மாறுச்சு?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தவக்காலம்," என்றாள் ரோசி. "நாப்பது நாள் வீட்டுல கவுச்சி கிடையாது. சீனிக்கும் தயிர்சோறுதான்."

"பூனைக்குமா?" டாக்டர் சிரித்தேவிட்டார். "அதுக்குக் கறி வேணும்மா. மத்த நாள்ல என்ன போடுவீங்க?"

"மீனுதான். தெனம் சங்கரா வாங்கியாந்து, முள்ளெடுத்து இவரே ஊட்டுவாரு."

லூர்துநாதன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"எட்டு வாரம் மீன் கண்ணுலயே காட்டக் கூடாது. உப்பு, மசாலா இல்லாம வேகவெச்ச கோழி மட்டும். அப்புறம் துளி மீன் குடுத்துப் பாப்போம். சொறிஞ்சா அதுதான் எதிரி. இப்ப அரிப்புக்கு ஒரு ஊசி."

வெளியே வந்ததும் அவர் கூடையைத் திறந்தார். சீனி நேராகச் சட்டையில் ஏறியது. மூன்று வாரப் பாக்கியையும் சேர்த்து, முகத்தை வைத்துத் தேய்த்தது.

ரோசியின் செல்போன் அலறியது. தங்கை ஜோதி மேரி.

"பூனைக்கு மெத்தை ரெடிக்கா. மாமாவுக்கு மீன்கொழம்பும் ரெடி!"

"பூனைய விடல. சாப்புட மட்டும் வரோம்னு சொல்லு," என்றார் லூர்துநாதன். "எனக்கு ரசம் போதும்."

"உங்களுக்கு எதுக்குங்க பத்தியம்?"

"நான் திங்கிறப்ப அவன் என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான் ரோசி. எப்படி எறங்கும்?"