மைதானம் பார்த்த சன்னல்

ரோனா அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து மேலே இழுத்தபோது, மைதானத்தில் ஒரு சத்தம் எழும்பி அப்படியே அடங்கியது. கோல் இல்லை. எது கோல், எது தவறிய பந்து, எது நடுவருக்கு விழும் வசவு என்று அவளால் சத்தத்தை வைத்தே சொல்ல முடியும். தம்பி விளையாடும் சனிக்கிழமைகளில் அவள் சமையலறையை விட்டு வெளியே வந்ததில்லை. பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. நெட்டா அத்தை இன்னொரு தலையணையைச் செருகினாள். கல் குவாரியில் காலமெல்லாம் இழுத்த தூசி அப்பாவின் நெஞ்சுக்குள் கரகரத்தது.

க்ரெய்க்பர்ன் ரோவர்ஸ் மைதானத்தின் வடக்குச் சுவரை ஒட்டிய மேட்டில் வீடு. மாடிச் சன்னலிலிருந்து ஆடுகளம் முழுவதும் தெரியும். டிக்கெட் வாங்காமல் பார்ப்பவர் என்று மைதானத்துக்காரர்கள் அப்பாவைக் கேலி செய்வார்கள். இந்த அணிக்கு டிக்கெட் வாங்குகிறவனுக்குத்தான் புத்தி சரியில்லை என்று அவர் திருப்பிச் சொல்வார். அதிலும் நியாயம் இருந்தது. சொந்த மைதானத்தில் ரோவர்ஸ் கடைசியாக ஜெயித்தது கோடைக்காலத்தில். அதற்குப் பிறகு ஊரில் பிறந்த குழந்தைகளுக்கு வெற்றி என்றால் என்னவென்றே தெரியாமல் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

தோல்விகளில் பாதி தம்பி ஃபின்லேயின் கணக்கில் எழுதப்பட்டது. வாரநாட்களில் வீடுகளுக்குக் கூரை ஓடு மாற்றுபவன், சனிக்கிழமைகளில் கோல்கீப்பர். போன ஆட்டத்தில் ஒரு சப்பைப் பந்து அவன் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போனது. திங்கட்கிழமை கசாப்புக்கடைக்காரர் இறைச்சிப் பொட்டலத்தை அவன் கையில் கொடுக்காமல் மேடைமேல் வைத்தார். கையில் கொடுத்தால் நழுவிவிடுமாம். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், ஃபின்லேயும் சிரித்தான், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். இன்னொரு தடவை சொதப்பினால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று பயிற்சியாளர் சொல்லியாகிவிட்டது.

இன்று காலை வந்த நர்ஸ் அப்பாவுக்கு இன்றோ நாளையோ என்றாள். அதைக் கேட்டதும் ஃபின்லே பூட்ஸ் பையைக் கீழே போட்டான். நீ பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு கூடுதலாக வருமா என்று அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார். அவன் பையை மறுபடி எடுத்துக்கொண்டான். வாசலில் ரோனாவின் கையைப் பிடித்தான்.

"அக்கா, ஏதாவதுன்னா உடனே ஆள் அனுப்பு. ஆட்டம் நடுவுல இருந்தாலும் சரி."

அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவள் மாடிக்குத் திரும்பியபோது அப்பா விழித்திருந்தார்.

"அவனைக் கூப்பிடாத," என்றார். "கடைசி விசில் அடிக்கிற வரைக்கும் கூப்பிடாத. இன்னிக்கு ஆட்டத்தை விட்டுட்டு வந்துட்டான்னா, அப்புறம் எப்பவுமே கோல்ல நிக்கமாட்டான்."

அதற்கும் அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதல் பாதியில் ஃபின்லே சன்னலுக்குக் கீழே உள்ள கோலில், வீட்டுக்கு முதுகு காட்டி நின்றான். இரு பக்கமும் கோல் இல்லை. இடைவேளையில் ஒலிபெருக்கி குலுக்கல் சீட்டின் எண்ணை வாசித்தது. பரிசு ஒரு பொட்டலம் இறைச்சி. இரண்டாவது தடவை எண்ணை வாசித்தபோது அப்பாவின் மூச்சு ஒருமுறை இழுத்து நின்றது. ரோனா அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

நெட்டா அத்தை தன் அண்ணனின் கண்களை மூடினாள். நெற்றியில் சற்று நேரம் கையை வைத்திருந்தாள். பிறகு நேராகச் சன்னலுக்குப் போய்த் திரையின் கயிற்றைப் பிடித்தாள். அந்தத் தெருவில் உயிர் போன வீட்டில் திரையை இறக்கிவிட்டுத்தான் அழுகை. திரை இறங்கியதும் எதிர்வீடுகளிலும் இறங்கும், தெருவில் போகிற ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். ரோனா ஓடிப்போய் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுடி. சாவு வீட்டுல திரை ஏறியிருந்தா தெருவே காறித் துப்பும்."

"இப்ப இறக்கினா அவன் பாத்துடுவான் அத்தை. இந்தப் பாதி முழுக்க அவன் முகம் இந்தப் பக்கந்தான்."

"பாக்கட்டுமே. பெத்த அப்பன். ஆள் அனுப்பறேன்னு நீதானே வாசல்ல வாக்குக் கொடுத்த?"

ஆள் அனுப்பினால் அப்பாவுக்குத் துரோகம், அனுப்பாவிட்டால் தம்பிக்குத் துரோகம். அப்பா இனிக் கோபப்படப் போவதில்லை. தம்பியோ இதை ஆயுசுக்கும் மன்னிக்காமல் போகலாம். இருந்தும் கயிற்றிலிருந்து அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அணிகள் திரும்பி வந்தன. ஃபின்லே தொலைவிலிருந்த கோலுக்கு நடந்து போய், கம்பத்தைக் குதிகாலால் தட்டி, நிமிர்ந்து சன்னலைப் பார்த்தான். அப்பா படுக்கையில் விழும்வரை உட்கார்ந்திருந்த நாற்காலி அங்கே காலியாக இருந்தது. ரோனா யோசிக்கவில்லை. கொக்கியில் தொங்கிய அப்பாவின் தொப்பியையும் கம்பளிச் சட்டையையும் மாட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கிக் காட்டினாள். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஃபின்லே அசையாமல் நின்றான். கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்தான், மறுபடி நின்றான். விசில் ஊதியது. அவன் பின்னால் போனான்.

அவள் வாழ்க்கையில் முழுதாகப் பார்த்த முதல் இரண்டாம் பாதி அது. முதுகுக்குப் பின்னால் அப்பா கிடந்தார், அத்தை வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள், இவள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை. இருட்டத் தொடங்கி, மைதான விளக்குகள் எரிந்தன. ஒரு கார்னர் உதையில் ரோவர்ஸின் தடித்த தடுப்பாட்டக்காரன் ஒருவனின் முழங்காலில் பட்ட பந்து, போக மனமில்லாததுபோல் உருண்டு கோலுக்குள் போனது. தெருவே அதிர்ந்தது. அத்தை ஜெபத்தை நிறுத்தி, நம்மதா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றாள் ரோனா.

அதற்குப் பிறகுதான் நரகம். எதிரணி மொத்தமும் ஃபின்லேயின் கோலுக்கு முன்னால் வந்து நின்றது. பந்து உயரமாக வந்தால் அவன் பல மாதமாகக் கோல் கோட்டை விட்டு நகர்வதே இல்லை என்று ஊருக்கே தெரியும், எதிரணிக்கும் தெரிந்திருந்தது. மேலே மேலே அடித்தார்கள். கடைசியில் ஒரு பந்து விளக்கு வெளிச்சத்தையும் தாண்டி இருட்டுக்குள் ஏறி, நடுக்கூட்டத்தில் இறங்கியது. வேண்டாம், அங்கேயே நில்லு என்று ரோனா வாய்விட்டுச் சொன்னாள். ஃபின்லே ஓடி வந்தான். தலைகளுக்கும் முழங்கைகளுக்கும் மேலே எம்பி, இரண்டு கைகளாலும் பந்தைப் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே விழுந்தான். எழுந்து பந்தைக் கொடுக்கவே அவனுக்கு மனம் வரவில்லை.

கடைசி விசில் ஊதியது. சக ஆட்டக்காரர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். ரோனா தொப்பியைக் கழற்றினாள், எழுந்து திரையை இறக்கினாள். வெளியே கூட்டம் பாடிக்கொண்டே தெருவில் ஏறி வந்தது. வீட்டை நெருங்க நெருங்கப் பாட்டு ஒவ்வொரு குரலாக உதிர்ந்து, கடைசியில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

படிக்கட்டில் பூட்ஸ் ஆணிகள் தடதடத்தன. ஃபின்லே சேறோடு வந்து அப்பாவின் கால்மாட்டில் நின்றான். ரோனா கம்பளிச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. அதை அவன் பார்த்தான்.

"இடைவேளையிலயா?"

"ஆமா. உன்கிட்ட சொன்னபடி நான்..."

"தெரியும்." கையுறையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்பா எனக்கு ஒரு நாளும் கை காட்டினதில்ல அக்கா. நான் பாப்பேன். அவரு என்னைப் பாக்காத மாதிரி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. இன்னிக்குக் கை ஏறுச்சு."

அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

"தெரிஞ்சும் ஏன்டா நின்ன?" என்றாள் ரோனா.

"ஓடி வந்துடலாம்னுதான் கோலை விட்டு வந்தேன்." அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "நீ அந்தச் சட்டைய மாட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்த. எந்திரிக்கவே இல்ல. சரி, அக்கா உக்காந்திருக்கா, நானும் நிக்கறேன்னு நின்னேன்."

அவன் குனிந்து பூட்ஸைக் கழற்றப் பார்த்தான். கையுறை மாட்டிய விரல்களுக்குக் கயிறு பிடிபடவில்லை. ரோனா கம்பளத்தில் மண்டியிட்டு அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள், பிறகு குனிந்து பல்லால் இழுத்தாள்.