நிற்கும் வண்டியில் இறங்கும் கரண்ட்

…டிக். அவ்வளவுதான், ஒரே ஒரு டிக், யாரோ நாக்கைச் சப்புக்கொட்டியது போல, இன்னொரு முறை செல்ஃபை அழுத்தினால் அந்த டிக்கும் இளைத்துப்போய்க் கேட்கிறது, ஹாரனைத் தொட்டால் சளி பிடித்த தொண்டையாக ஒரு முனகல், சளி பிடித்ததென்னவோ என் வீட்டுக்காரருக்கு, ஒரு வாரமாகப் போர்வைக்குள்ளேயே கிடந்தார், வண்டியும் கூடவே படுத்துக்கொண்டது போலிருக்கிறது. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயாக வேண்டும், எக்ஸ்ரே எடுக்கிற அறையில் இந்த வாரம் இவருக்குத்தான் ட்யூட்டி, "ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் உன் கையில ஓடுது, நம்ம வண்டி மட்டும் நிக்குது" என்று சிரித்தபடிதான் சொன்னார், சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார், ஆனால் சிரித்தபடி சொல்வதுதான் தைக்கிறது. நான் ஒயரக்கா, இந்தத் தெருவில் என் நிஜப்பெயர் தெரிந்தவர்கள் குறைவு, எந்த வண்டியில் எந்த ஒயர் எங்கே அறுந்தாலும் என்னிடம்தான் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனிதரின் வண்டி ஓடவில்லை.

பேட்டரியாகத்தான் இருக்கும், ஆனால் பேட்டரி புதிது, நானே போட்டது, முனைகளில் நானே கிரீஸ் தடவியது, அதற்குள் எப்படி இறங்கும்… பக்கவாட்டு மூடியைக் கழற்ற திருப்புளியை வைத்தேன், திருகாணி அசையவில்லை. என் கை இவ்வளவு இறுக்கி முடுக்காதே, விரலால் திருகி, திருப்புளியால் ஒரு கால் சுற்று, அதோடு விட்டுவிடுவேன், பிளாஸ்டிக் மூடிக்கு அதற்கு மேல் எதற்கு? அப்படியென்றால் யாரோ திறந்திருக்கிறார்கள். யார்? இவருக்குத் திருப்புளியின் எந்த முனை எந்தப் பக்கம் என்றே தெரியாது, கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றவே என்னைக் கூப்பிடுகிறவர். திறந்திருக்கிறார்கள், என் வீட்டு வண்டியை, எனக்குத் தெரியாமல். நெஞ்சில் ஒரு பொறி தட்டி, அணையாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மல்டிமீட்டரை வைத்தால் பன்னிரண்டரை வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பத்தைக்கூடத் தாண்டவில்லை. சரி, கடை பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தேன், முதல் தட்டிலேயே எழுந்துகொண்டது, ஒன்றுமே நடக்காதது போல உறுமியது, ஓடும்போது மறுபடி மீட்டர் வைத்தேன், பதினாலுக்கு மேல், சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. ஏறுவதில் குறை இல்லை, அப்படியென்றால் இறங்குவதில்தான். வண்டி சும்மா நிற்கும்போது ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது.

அணைத்தேன், சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன், நெகட்டிவ் முனையைக் கழற்றி இடையில் மீட்டரைக் கோத்தேன். சாவி இல்லாத வண்டியில் கரண்ட் ஓட்டம் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்க வேண்டும், இருக்கவில்லை, ஒரு வாரம் நின்றால் பேட்டரியைப் படுக்கவைக்கிற அளவுக்கு எண் நின்றது. ப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன், விளக்குக்கானது, ஹாரனுக்கானது, கடைசியில் பெரியதையும், எதை உருவினாலும் எண் அசையவில்லை, அப்படியென்றால் ப்யூஸுக்கு முன்னாலேயே, நேராகப் பேட்டரியிலிருந்தே யாரோ எடுத்திருக்கிறார்கள்… இதோ, பாசிட்டிவ் முனைக்கு அடியில், என் கிரீஸுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது ஒரு சன்னமான கறுப்பு ஒயர். அதன் வழியே விரலை ஓட்டினேன், சீட்டுக்கு அடியில், டாங்குக்கு அடியில், பழைய ஒயர்க் கட்டோடு கட்டாக, வளைவுகளில் இழுபடாமல், சூடு படுகிற இடத்தில் உறை மாட்டி, எவ்வளவு ஒழுங்கு, இவ்வளவு ஒழுங்காக இந்த ஊரில் நான் மட்டும்தான் ஒயர் ஓட்டுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாண்டில்பாருக்குக் கீழே, விளக்குக்குப் பின்னால் மறைவாக முடிந்தது, போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒரு சின்ன சாக்கெட், போன் சொருகாவிட்டாலும் சும்மாவே கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கும். தினம் வாசலில் நிற்கிற வண்டி, தினம் நான் தாண்டிப் போகிற வண்டி, கண்ணில் படவில்லை.

போன். முன்பெல்லாம் வேலை முடிந்து வரும்போது இவர் போன் செத்திருக்கும், வந்ததும் சார்ஜில் போடுவதுதான் முதல் வேலை, செருப்பைக்கூட அப்புறம்தான் கழற்றுவார், இப்போது கொஞ்ச நாளாக அப்படிப் போடுவதே இல்லையே, கவனித்தேனா, கவனித்தும் விட்டுவிட்டேனா? வழியில் சார்ஜ் ஏற வேண்டிய அளவுக்கு யாரிடம் பேசுகிறார், என்ன பேசுகிறார், என்னோடு பேசினால் பால் இருக்கா, கதவைச் சாத்தினியா, அவ்வளவுதானே. சாக்கெட்டின் அடியில் இணைப்பைச் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்தேன், பார்த்த மாத்திரத்தில் கை நின்றுவிட்டது. டேப்பின் நுனி மடித்து விடப்பட்டிருந்தது, சின்ன வால் மாதிரி, அடுத்து பிரிக்கிறவருக்கு நகம் தேயாமல் இருக்க. இப்படி மடிக்கிற கை ஒன்றே ஒன்றுதான். சுருட்டை.

சுருட்டையும் நானும் ஒரே பட்டறையில் வேலை கற்றவர்கள், என்னைவிடச் சின்னவள், தலைமுடி ஸ்பிரிங் ஸ்பிரிங்காக நிற்கும், அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். "அடுத்தவன் பிரிக்கறதுக்கு நீ ஏன்டி வசதி பண்ணிக் குடுக்கற" என்று கேட்டால், "யாரோ ஒருத்தர் பிரிப்பாங்கல்லக்கா, அவங்க கை வலிக்கக் கூடாதுல்ல" என்பாள். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் கடை வைத்திருக்கிறாள். பாடிக்கொண்டே வேலை செய்வாள், குரல் ஒன்றும் அப்படி இல்லை, ஆனால் கூட்டம் நிற்கும், ஒருமுறை இவர்கூடச் சொன்னார், அந்தப் பொண்ணு கடையில நின்னா நேரம் போறதே தெரியலன்னு. சாப்பிடும்போது சொன்னார், நான் தண்ணீர் எடுக்க எழுந்து போனேன், வெகுநேரம் தண்ணீர் எடுத்தேன். அங்கே போயிருக்கிறார். போய், வண்டியை நிறுத்தி, இந்த மூடியைத் திறக்கச் சொல்லி, அவள் குனிந்து டாங்குக்கு அடியில் கைவிட, இவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்திருப்பார், எனக்கு ஒருநாளாவது பிடித்திருக்கிறாரா… நான் கேட்டேனா? கேட்கவில்லை, கேட்டால் தப்பான இடத்தில் பிடிப்பார், அதனால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நானே செய்துவிடுவேன். புடவை, நகை, வேறு ஒருத்தியின் வாசம், மற்ற பெண்களுக்கு இப்படியெல்லாம் துப்புக் கிடைக்கிறது, எனக்குக் கிடைத்தது ஒரு ஒயர், அதுவும் குறை சொல்ல முடியாத வேலை. அதுதான் வயிற்றெரிச்சல். மட்டமாக முறுக்கிவிட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்படி ஒரேயடியாகக் குறையில்லாத வேலையா என்ன? நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்திருக்கிறாளே. சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஒயரிலிருந்து எடுத்திருந்தால் இப்படி இறங்குமா? கற்றுக்கொள்கிற முதல் பாடம் அது. கிடைத்தது ஒரு தப்பு என்று ஒரு நிமிடம் இனித்தது, சர்க்கரை மாதிரி இனித்தது, அடுத்த நிமிடமே கசந்தது, சுருட்டை இந்தத் தப்பைச் செய்யமாட்டாள், தூக்கத்தில்கூடச் செய்யமாட்டாள். அப்படியென்றால் தெரிந்தே செய்திருக்கிறாள். ஏன்?

டீயோடு வந்தார், என் கையில் சாக்கெட்டைப் பார்த்தார், முகம் மாறவில்லை, அதுவே எனக்குக் கோபமாக வந்தது, மாட்டிக்கொண்டவர் முகம் மாற வேண்டாமா?

"இதனாலதான் ஸ்டார்ட் ஆகலியா?" என்றார்.

"இதனாலதான். எங்க போட்டீங்க?"

"சுருட்டைகிட்டதான். நல்லா செஞ்சிருக்கால்ல?"

நல்லா செஞ்சிருக்காளாம். டீ நாக்கைச் சுட்டது, விழுங்கினேன். "நல்லாத்தான் செஞ்சிருக்கா. எடுத்த எடம்தான் தப்பு. வீட்டுல ஒருத்தி இதே வேலதான் செய்யறா, அவகிட்ட கேக்கத் தோணல."

"கேட்டேனே. நீ ஏதோ வண்டிக்கு அடியில படுத்திருந்த. கஸ்டமர் வண்டியெல்லாம் முடியட்டும், நம்மளது எங்க போகப் போகுதுன்னு சொன்ன. மறுபடி கேட்டேன், அதையே சொன்ன." குரலில் புகார்கூட இல்லை, எக்ஸ்ரேயில் எலும்பைக் காட்டிச் சொல்வது போல இருந்தது. கேட்டாரா? சொன்னேனா? நினைவில்லை, ஆனால் அந்த வாசகம் என்னுடையதுதான், நம்மளது எங்க போகப் போகுது, என் வாயிலிருந்து வரும் அதே இழுவையோடு சொல்லிக்காட்டினார். "எடம் அவ தப்பா எடுக்கல. அவ வேணாம்னுதான் சொன்னா, பேட்டரி போயிரும் அண்ணே, அக்கா பாத்தா என்னைத்தான் திட்டும்னு சொன்னா. நான்தான் சாவி போடாமலே சார்ஜ் ஏறணும்னு கேட்டேன்."

அண்ணே என்கிறாளாம், சரி, அதில் ஒரு மூச்சு இறங்கியது, உடனே அடுத்தது ஏறியது. சாவி போடாமல் என்றால் வண்டி நிற்கும்போது. எங்கே நிற்கிறது? "வண்டிய நிறுத்திட்டு யாரோட பேசறீங்க?"

"யாரோடயும் பேசல. தெருமுனையில மரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். போன்ல ஏதாவது பாத்துக்கிட்டிருப்பேன்."

"வீடு இங்க இருக்கும்போது?"

அவர் தம்ளரின் விளிம்பைத் துடைத்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "கடையில லைட் எரியும். வேல நடக்கும்போது உள்ள வந்தா நீ எரிஞ்சு விழற. ஒருநாள் வந்து நின்னேன், வெளிச்சத்த மறைக்காதீங்கன்ன. அதான், லைட் அணையட்டும்னு பாத்துக்கிட்டிருப்பேன். அணைஞ்சதும் வந்துருவேன்."

சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட உள்ளே போய்விட்டார், அவருக்கு அது அவ்வளவு சாதாரணம். நான் அந்தச் சின்ன ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒருத்தி இருந்தால் நல்லது என்று இருந்தது, நிஜமாகவே, ஒருத்தி இருந்தால் அவள் முடியைப் பற்றிப் பேசலாம், அவள் வேலையில் குறை கண்டுபிடிக்கலாம், இங்கே மரத்தடி, யாரும் இல்லாத ஒரு சீட், அதோடு நான் என்ன சண்டை போடுவது, ஆனாலும் பொறாமையாகத்தான் இருக்கிறது, அந்த மரத்துக்குத் தினமும் கிடைக்கிற மனிதர் எனக்குக் கிடைக்கவில்லையே என்று. ஒயரை வெட்டிவிடலாம். இல்லை, சாவி ஒயரோடு சேர்த்துவிடலாம், அதுதான் முறை. இடையில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தால் வேண்டும்போது மட்டும் ஏறும், பேட்டரியும் பிழைக்கும், அவரும் உட்காரலாம்… டிராயரைத் திறந்து ஸ்விட்ச் தேடினேன், இருந்தது, கையில் எடுத்தும் விட்டேன், அப்போதுதான் அந்த லைட் ஞாபகத்துக்கு வந்தது. சாயங்காலம் பெரும்பாலும் ஆறரைக்கே வேலை முடிந்துவிடும் எனக்கு. உள்ளே யாரும் இல்லாத வீட்டில் போய் உட்காரப் பிடிக்காமல், காத்திருப்பது போலவும் தெரியக்கூடாதென்று, எதையாவது ஒரு பழைய ஒயரைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருப்பேன், இவர் வண்டிச் சத்தம் கேட்கட்டும் என்று. கேட்காது. வெகுநேரம் கேட்காது. அலுத்துப்போய் லைட்டை அணைத்துவிட்டு உள்ளே போவேன், போய் முகம் கழுவுவதற்குள் சத்தம் வந்துவிடும், இந்த மனுஷன் நான் உள்ளே போகிற நேரம் பார்த்தே வருகிறார் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கோபம் வரும்.

உள்ளே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விடுகிறது. இதைச் சொல்லலாம், இரண்டே வாக்கியம்தான், ஆனால் சொன்னால் நான் காத்திருந்தது தெரிந்துவிடும்… "ஏங்க," என்று கூப்பிட்டுவிட்டேன். "என்ன?" என்கிறார் உள்ளேயிருந்து. ஸ்விட்ச் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.