சாத்திய ஜன்னல்

எனக்குத் தொண்டை பெரிது. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று பஸ் நிலையத்தில் அறிவிப்பவள் நான்தான். மைக் கெட்டுப்போன நாட்களில்கூட என் வேலை நின்றதில்லை. என் வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். அவர் பேசுவதே நிமிடத்துக்கு ஒரு வார்த்தைதான். "நமக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே பேசிடுற" என்பார். இந்தத் தொண்டையால்தான் என் மானம் போனது. தொண்டையைச் சொல்லி என்ன, புத்தி எனக்கல்லவா இருந்திருக்க வேண்டும்!

நாங்கள் குடியிருப்பது பழைய வீடு. குடிவந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் சட்டங்களில் ஆளுக்கு ஒரு நிறம் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சந்தன நிறம். பெயிண்ட் தடித்துப்போய் ஜன்னலைத் திறக்க ஒரு ஆள் பலம் வேண்டும். என் தங்கை புது வீடு கட்டினாள். அவள் வீட்டு ஜன்னல்களில் மரத்தின் ரேகை அப்படியே பளபளக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தவள் ஜன்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஜன்னலுக்கு ஸ்வெட்டர் போட்டு வெச்சிருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த விடுமுறை நாளிலேயே உப்புத்தாளும் சுரண்டியும் வாங்கி வந்துவிட்டேன். அடியில் இருப்பதும் நல்ல மரம்தானே, அவளுக்குக் காட்டுகிறேன் பார் என்று ஆரம்பித்தேன்.

எங்கள் ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டு முற்றத்துக்கும் கை எட்டும் தூரம்தான். அங்கே ஒரு தையல்காரி இருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். தைத்ததை எல்லாம் முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டிருப்பாள். அத்தனையும் வெள்ளைச் சட்டை. நான் தேய்க்க ஆரம்பித்த இரண்டாம் நாளே வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க பெயிண்ட் தூளு எல்லாம் சட்டைமேல வந்து விழுது. கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டு தேய்ங்களேன்."

"தண்ணி பட்டா மரம் ஊறிடும். எனக்குத் தெரியாதா? நீ உன் தையலைப் பாரு" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப் போனது. அதோடு விட்டேனா? அவள் பார்க்கும்படியே ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். "இனி உன் வீட்டுப் பக்கம் ஒரு பொட்டுத் தூளு வராது, போதுமா?" என்று கத்தினேன். அன்றிலிருந்து விடுமுறை நாள் தவறாமல் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளேயே தேய்த்தேன். வேர்வை ஊற்றியது, தும்மல் வந்தது. இருந்தாலும் ஜெயித்த சந்தோஷம் இருந்தது.

தூள் எங்கே போகும்? தரையிலும் மேஜையிலும் படிந்தது. ஜன்னலுக்குக் கீழே விரித்திருந்த சாக்கிலும் படிந்தது. அது மிளகின் படுக்கை. மிளகு எங்கள் நாய். கருப்பும் சாம்பலுமாக, எங்கேயோ மழையில் நனைந்து கிடந்தவனை வீட்டுக்காரர் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தார். நான் துடைப்பத்தால் வரக் வரக்கென்று பெருக்குவேன். தூள் எழும்பி மறுபடி உட்காரும். மிளகு அதில் படுத்துப் புரண்டு எழுந்து, பாதத்தை விரல் விரலாக நக்கிச் சுத்தம் செய்வான். ஒரு நாள் சுருண்டு விழுந்த பெயிண்ட் செதில் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தான். "இங்க பாருங்க, இவனுக்கு பெயிண்ட்டே பலகாரம்!" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

தையல்காரிக்கு ஒரு பெண் குழந்தை. பொடிசு என்றுதான் நான் கூப்பிடுவேன். நாலு வயது வாயாடி. அம்மாவின் மிஷின் ஓட ஆரம்பித்ததும் பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிடும். மிளகின் சாக்கில் அவனோடு படுத்துக்கொண்டு ஒரு பிஸ்கட்டை அவனுக்கு ஒரு கடி, தனக்கு ஒரு கடி என்று பங்கு போடும். சண்டைக்குப் பிறகும் வந்தது. பெரியவர்கள் சண்டையில் குழந்தை என்ன செய்யும் என்று நானும் விரட்டவில்லை. அந்தப் பெருந்தன்மையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பிறகு மிளகு சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். வாந்தி எடுத்தான். வயிற்றைத் தொட்டால் முனகினான். கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டவனை இழுக்கப்போன வீட்டுக்காரரையே கடிக்க வந்தான். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு காலையில் தரையில் சரிந்து, கால்கள் வெட்டி வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளினான். அவனைப் போர்வையில் சுற்றிக்கொண்டு இவர் வண்டி பிடிக்க ஓடினார். நான் பின்னாலேயே தெருவுக்கு வந்தேன். தையல்காரி தன் வாசலில் நின்றிருந்தாள்.

முந்தின நாள் அவள் பின்சுவர் ஓரம் மிச்சச் சோறு கொட்டியதைப் பார்த்திருந்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட எனக்கு அது போதாதா?

"சட்டையில தூளு விழுந்ததுக்கு வாயில்லா ஜீவனுக்கு விஷம் வெப்பியாடி? உன் கை விளங்குமா? அந்தக் கையால இனி ஒரு ஊசி கோப்பியா?"

"ஐயோ அக்கா, நான் ஏன்க்கா..."

"பேசாத! கொலைகாரி!"

கதவுகள் திறந்தன. எதிர் மாடியில் வாத்தியார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தார். கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்தார். நான் நிறுத்தவில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் சாத்திய கதவைப் பார்த்துத் திட்டினேன். நான் நினைத்தது நடந்தது: மறுநாளே ஒருத்தி தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிப்போனாள். அடுத்து இன்னும் சிலர்.

கால்நடை மருத்துவரம்மா பொறுமைசாலி. அன்று பக்கத்து வீட்டுக்காரி விஷம் வைத்துவிட்டாள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் மிளகின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் எடுத்தார். அவனை அங்கேயே வைத்துக்கொண்டு, ரத்தத்தின் முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க வீடு ரொம்பப் பழசா?"

"ஆமாம் டாக்டர்."

"சமீபத்துல பெயிண்ட் ஏதாவது சுரண்டினீங்களா?"

வீட்டுக்காரர்தான் தலையை ஆட்டினார். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். மிளகின் வயிற்றுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொடிப்பொடியாகத் தெரிந்தது.

"பழைய பெயிண்ட்ல காரீயம்னு ஒரு விஷ உலோகம் கலந்திருப்பாங்க. காஞ்ச பெயிண்ட்டைத் தேய்ச்சா அது தூளாப் பறக்கும். நாய் தரையிலயே கிடக்குது, உடம்பை நக்குது, எல்லாம் உள்ள போயிடும். ரத்தத்துல அதிகமாவே இருக்கு. இது யாரும் வெச்ச விஷம் இல்லம்மா. மருந்து கொடுத்து வெளிய எடுத்துடலாம், பிழைச்சுக்குவான்னுதான் நெனைக்கிறேன்."

எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

"இல்ல" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் பொடிசு நினைவுக்கு வந்தது. சாக்கும் பிஸ்கட்டும் நினைவுக்கு வந்தன. "பக்கத்து வீட்டுக் குழந்தை வரும்..."

"இன்னைக்கே அவங்ககிட்ட சொல்லிடுங்க. குழந்தைக்கு ரத்தம் பார்க்கணும். வெளிய ஒண்ணுமே தெரியாம மூளையைப் பாதிக்கும் இது."

வழியில் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார், "நான் வேணா போய் சொல்லட்டுமா?"

சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அது மட்டுமா? பழைய வீடு என்றாலே இப்படித்தானாம், உன் வீட்டிலும் இருக்கலாம், எதற்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு என்று பொதுவாகச் சொல்லி நழுவலாமா என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். ஒரு குழந்தையின் தலைக்கு வந்திருக்கிறது, நான் என் மூஞ்சியைக் காப்பாற்றப் பார்க்கிறேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பொடிசு மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "மிளகு எங்க?" என்று கேட்டது. தையல்காரி எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னக்கா பாக்கி?" என்றாள்.

"பாப்பாவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

"ஏன்?"

"மிளகு வயித்துல இருந்தது நான் சுரண்டின பெயிண்ட். அந்தத் தூளு விஷமாம். பாப்பா அவன்கூடதான் படுத்துக் கிடந்துச்சு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "விஷம் வெச்சது நான்தாம்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையின் விரலை வாயிலிருந்து பிடுங்கினாள், உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் திரும்பி, "சோறு அடுப்புல இருக்கு, அணைச்சுடுங்க" என்றாள். கொலைகாரி என்று நான் தெருவில் வைத்துச் சொன்னவள், தன் அடுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். முற்றத்துக் கொடியில் ஒரு சட்டைகூட இல்லை. வெறும் ஹேங்கர்கள்தான் தொங்கின.

பரிசோதனை முடிவு வந்த அன்று அவளே என் வாசலுக்கு வந்தாள். ஈரத் துணியால் தரையை எத்தனையாவது தடவையோ துடைத்துக்கொண்டிருந்த நான் எழுந்து நின்றேன்.

"ரத்தத்துல கொஞ்சம் ஏறியிருக்காம். மருந்து வேணாம், இனிமே அந்தத் தூளு படாம பாத்துக்கணும், மறுபடி வந்து டெஸ்ட் பண்ணணும்னாங்க. மிளகு எப்படி இருக்கான்?"

"சாப்பிடுறான். ரெண்டு நாள்ல வந்துடுவான்." அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னை மன்னிச்சுடும்மா."

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்றீங்களேக்கா. அன்னிக்கு தெருவுக்கே கேட்டுச்சே."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. தைக்க என்ன இருந்ததோ.

நான் தெருவில் இறங்கி, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றேன். கடைக்காரர் சாமான் நிறுத்துக்கொண்டிருந்தார். எதிர் மாடியில் வாத்தியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தினமும் ஆயிரம் பேருக்கு வண்டி சொல்கிற தொண்டைதானே இது. "மிளகுக்கு அந்தப் பொண்ணு விஷம் வெக்கல" என்று ஆரம்பித்தேன். பாதி காற்றாகத்தான் வந்தது.

வாத்தியார் பேப்பரை இறக்கினார். "என்னம்மா? ஒண்ணும் கேக்கலையே!"

உள்ளே தையல் மிஷின் நின்றது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன்.